தோல் பை முதல் தண்ணீர் கேன் வரை: சேமித்த நீரும் அதன் கலங்களும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதிலும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது; மோட்டார் ஓடாவிட்டால் வீட்டில் ஏற்கெனவே நிறைத்து வைத்திருப்பது மட்டுமே இருப்பு. வாசலில் வெள்ளம் நிற்க, உள்ளே குடிப்பதற்கு நீர் இல்லாத நிலை அது. 2004இல் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையின் கிணறுகளில் உப்பை விட்டுச் சென்றபோதும், 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டபோதும் மக்கள் கண்டது இதைத்தான்.

அத்தகைய நாள்களுக்குப் பின் வீடுதோறும் ஒரு முடிவு பிறக்கும்: "இனிமேல் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் சேமிப்பில் இருக்க வேண்டும்." எவ்வளவு என்று கேட்கிறோம், எதில் என்று கேட்பவர் குறைவு. கையில் அகப்பட்ட வாளியும், எண்ணெய் வந்த டின்னும், வண்ணப்பூச்சு வந்த டப்பாவும் நீர்க்கலங்களாகிவிடுகின்றன. நீர் அரிதான மண்ணில் பிறந்து, பாலைவழியிலும் கடல்வழியிலும் பரவிய நம் சமூகத்தின் வரலாறோ, "எதில்?" என்ற கேள்வியை மிகக் கவனமாகக் கேட்ட வரலாறாகும்.

ரூமா கிணறும் ஒரு முற்றுகையும்

மதீனாவில் நன்னீர் தந்த ரூமா என்னும் கிணற்றை உதுமான் (ரலி) அவர்கள் தம் சொந்தச் செல்வத்தால் வாங்கி முஸ்லிம்கள் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். அவ்வாறு செய்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் சுவனத்தை நன்மாராயமாகக் கூறியிருந்தார்கள். ஆண்டுகள் கடந்தன. ஹிஜ்ரி 35இல் (கி.பி. 656) கிளர்ச்சியாளர்கள் கலீஃபாவின் இல்லத்தை முற்றுகையிட்டபோது, தாம் வாங்கி வழங்கிய அதே கிணற்றின் நீர் தமக்கே தடுக்கப்படுவதையும், உவர்நீரைக் குடிக்க நேர்ந்ததையும் அவர்கள் மக்களுக்கு நினைவூட்டிப் பேசியதைத் திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்கள் பதிவு செய்கின்றன.

அந்நிகழ்வின் அரசியல் துயரம் தனி. இல்லறம் நடத்துவோருக்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. நீரின் ஊற்று எவ்வளவு அருகில் இருந்தாலும், அதற்கும் நமக்கும் இடையில் ஏதேனும் ஒன்று வந்து நின்றுவிடலாம். அன்று அது வாளேந்திய கூட்டம். இன்று அறுந்த குழாயாகவோ, நின்றுபோன மின்சாரமாகவோ இருக்கலாம். அவ்வேளையில் வீட்டுக்குள் இருக்கும் கலமே ஊற்று.

தோல் பையின் வாய்

அக்கால அரபகத்தில் நீரைச் சுமந்ததும் சேமித்ததும் பெரும்பாலும் தோல். பதனிட்ட ஆட்டுத் தோலில் செய்த 'கிர்பா' வீட்டிலும் வழியிலும் பயன்பட்டது. தோல்களை இணைத்துப் பெரிதாகத் தைத்த 'மஸாதா' ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கியது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற பயண நிகழ்ச்சியில், நீரின்றித் தவித்த நபித்தோழர்கள் இரு மஸாதாக்களுடன் வந்த ஒரு பெண்ணைச் சந்திக்கின்றனர். அவளுடைய நீரிலிருந்து அனைவரும் பருகியும் அது குறையாதிருந்த அற்புதத்தையே நாம் பெரிதும் பேசுவோம். அதே அறிவிப்பில் ஒரு சிறு தொழில்நுட்பச் செய்தியும் உள்ளது: பையின் மேல் வாய்கள் கட்டப்பட்டன, நீர் வெளியேறும் கீழ் வாய்கள் திறக்கப்பட்டன. நிரப்ப ஒரு வாய், எடுக்க வேறொரு வாய். கையோ குவளையோ உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை. நம் காலத்துக் குழாய் பொருத்திய தண்ணீர்க் கலத்தின் அமைப்பு அதில் ஏற்கெனவே இருந்தது.

இனி நபிமொழிகள் தந்த ஒழுங்குகளைப் பார்ப்போம். இரவில் பாத்திரங்களை மூடவும், தோல் பைகளின் வாயைக் கட்டவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆண்டில் ஓர் இரவில் இறங்கும் கொள்ளைநோய், மூடாத பாத்திரத்திலும் கட்டாத பையிலும் புகும் என்ற எச்சரிக்கை முஸ்லிம் நூலில் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டுள்ளது. தோல் பையின் வாயில் வாய் வைத்துக் குடிப்பதும் தடுக்கப்பட்டது. உறங்கி எழுந்தவர் கையை மூன்று முறை கழுவாமல் பாத்திரத்து நீருக்குள் விட வேண்டாம் என்றும் கூறப்பட்டது.

இவற்றைத் தனித்தனி ஒழுக்கங்களாகப் படித்துப் பழகியிருக்கிறோம். சேர்த்துப் படித்தால் அனைத்தும் ஒரே இடத்தைக் காக்கின்றன என்பது புலப்படும். அந்த இடம் கலத்தின் வாய். நீர் கெடுவது பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கலம் நீருக்குத் தருவது

கலத்தின் பொருள் உள்ளிருப்பதை மாற்றும் என்பதும் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டது. அப்துல் கைஸ் குலத்தூதுக் குழுவினர் மதீனா வந்தபோது நான்கு வகைக் கலங்கள் அவர்களுக்குத் தடுக்கப்பட்டன: சுரைக்குடுக்கை, மெருகிட்ட பச்சை மண்சாடி, பேரீச்ச மரத்தின் அடியைக் குடைந்த தொட்டி, தார் பூசிய பாத்திரம். பழம் ஊறவைத்த நீர் இவற்றில் விரைவில் புளித்துப் போதையாகிவிடும். வெளியே தெரியவும் செய்யாது. தோல் பையிலோ புளிப்பு ஏறினால் பை உப்பித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று அறிஞர்கள் விளக்கினர். போதை தரும் எதையும் அருந்தலாகாது என்ற சட்டம் மனங்களில் ஊன்றியபின் அக்கலங்களைப் பயன்படுத்த அனுமதி வந்தது. கலம் வெறும் கூடு அன்று என்ற அறிவு மட்டும் நிலைத்தது.

அதன் தொடர்ச்சியை எகிப்தில் காணலாம். சந்தைக் கண்காணிப்பு முறையான 'ஹிஸ்பா' பற்றி இப்னுல் உகுவ்வா (மறைவு: ஹி. 729 / கி.பி. 1329) எழுதிய நூலில் தண்ணீர் சுமப்போருக்குத் தனிப் பகுதி உண்டு. கரையோர அழுக்கிலிருந்து விலகி ஆற்றினுள் சென்று மொள்ள வேண்டும். புதிதாகத் தோல் பை வாங்கியவர், சில நாள்கள் கட்டட மண் குழைக்கும் வேலைக்கு அதில் நீர் சுமந்து, பதனிட்ட பொருளின் சுவையும் நிறமும் மணமும் நீங்கிய பின்னரே குடிநீருக்குப் பயன்படுத்த வேண்டும். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன், கலத்திலிருந்து எது நீரில் கலக்கிறது என்று கேட்ட சட்டம் இது. இன்று 'உணவுத் தரம்' என்ற முத்திரை கேட்பதும் அதே கேள்வியைத்தான்.

எகிப்திய வீடுகளில் 'ஸீர்' எனப்படும் பெரிய மண்சாடி நீரைத் தாங்கியது. அதன் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கும். கலங்கல் அடியில் படியும். பதினோராம் நூற்றாண்டுக் கெய்ரோவின் மருத்துவர் இப்னு ரிள்வான், நைல் நீரைத் தெளியவைக்க வாதுமை இனப் பழங்களின் பருப்பு, படிகாரம் முதலியவற்றை இடுமாறு எழுதினார். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் அதே நோக்கத்தால்தான். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் கிடைத்த சிறு குடிநீர்க் கூஜாக்கள் இன்னும் வியப்பானவை. அவற்றின் கழுத்துக்குள்ளேயே, துளையிட்ட மண் சல்லடை ஒன்று சேர்த்துச் சுடப்பட்டிருக்கிறது. பறவையும் மீனும் எழுத்தும் கொடியுமாக அழகுறத் துளையிட்ட அச்சல்லடைகளை இன்று கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் காணலாம். ஊற்றியவர் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்த அந்த அழகின் வேலை, பூச்சியை உள்ளே விடாததும் நீரை மெல்ல விடுவதும் ஆகும்.

கடலும் நம் சமையற்கட்டும்

கடலோடிகளுக்குச் சேமித்த நீரே உயிர். கசியும் மண்சாடி அவர்களுக்கு ஆகாது. பர்மியக் கரையின் மர்தபான் துறைமுகத்தின் பெயரால் வழங்கிய, மெருகிட்ட பெரும் சாடிகள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் பயணம் செய்தன. உப்பிலிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிறைத்த 'மர்தபான்'களைக் கடற்பயணத்துக்காகப் பெற்றதை இப்னு பதூதா எழுதியிருக்கிறார். ஐரோப்பியப் பயணிகள் அவற்றில் நீரும் எண்ணெயும் கொண்டு செல்லப்பட்டதைக் குறித்தனர். நம் வீடுகளின் ஊறுகாய்ச் சாடி அந்த மரபின் சிறு உருவமே. மெருகு நீரைக் கசியவிடாது, புளிப்பையும் தாங்கும். ஆனால் மெருகில் காரீயம் இருந்தால் அது நீரில் இறங்கும். ஆகவே அழகுக்காக விற்கும் சாடிகள் எல்லாம் நீருக்கு உரியவை அல்ல.

நம் வீடுகளில் செம்புத் தவலையும் பித்தளை அண்டாவும் ஆண்ட காலம் ஒன்று உண்டு. 'ஈயம் பூசணுமா' என்று கூவி வருபவரின் குரலை மூத்தோர் இன்னும் நினைவில் வைத்திருப்பர். செம்பும் பித்தளையும் உணவோடு கலவாதிருக்க உட்புறத்தில் பூசியது வெள்ளீயம். தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிப்பதால், பழம்பாத்திரங்களைக் கையாளும்போது கவனம் தேவை. வெள்ளீயம் காப்பு, காரீயம் நஞ்சு. செம்புக் கலத்தில் ஓரிரவு வைத்த நீரில் நுண்ணுயிர்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் மாதக்கணக்கில் வைப்பதற்கு அது உகந்ததன்று. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு.

கல்கத்தாவின் குறுகிய கழுத்து

வாயைக் காப்பதன் பயனை நம் காலத்து மருத்துவ ஆய்வு ஒன்று எண்களால் அளந்தது. கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில், காலரா நோயாளி இருந்த வீடுகளில் நடந்த அந்த ஆய்வு 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. சில குடும்பங்களுக்குக் குறுகிய கழுத்துடைய மண்கூஜாவான 'சொராய்' கொடுக்கப்பட்டது. வேறு சில குடும்பங்களின் நீரில் குளோரின் இடப்பட்டது. மற்றவர்கள் வழக்கமான அகன்ற வாய்ப் பாத்திரத்திலேயே மொண்டு குடித்தனர். சொராய் பயன்படுத்திய வீடுகளில், வழக்கம் மாற்றாத வீடுகளைவிடத் தொற்று ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தது. மருந்து எதுவும் சேர்க்கவில்லை. கை உள்ளே போக முடியாத ஒரு வாய் மட்டுமே செய்த வேலை அது.

'சொராய்' என்பது 'சுராஹி' என்ற சொல்லின் வங்காள வடிவம். அரபு, பாரசீகம் வழியே இந்நாட்டுக்கு வந்தது. நாம் சொல்லும் 'கூஜா'வும் பாரசீகத்தின் 'கூஸா'வே. 1991இல் பெரு நாட்டில் தொடங்கி இலத்தீன் அமெரிக்காவெங்கும் காலரா பரவியபின், அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தினர் வீட்டு நீருக்கென ஒரு முறையை வகுத்தனர். அவர்கள் பரிந்துரைத்த கலம் குறுகிய வாயும் இறுகிய மூடியும் கீழே குழாயும் உடையது. மேல் வாய் கட்டி, கீழ் வாய் திறந்த மஸாதாவை இங்கு நினைவுகூராமல் இருக்க இயலவில்லை.

இன்று எதைத் தேர்வது

ஜெர்மானியப் படைக்காக 1930களில் உருவான 20 லிட்டர் எஃகு கேனே இன்றைய 'ஜெர்ரி கேன்'களின் மூதாதை. எரிபொருளுக்கும் நீருக்கும் ஒரே வடிவம் பயன்பட்டதால், நீர்க்கலங்கள் மாறிவிடாதிருக்க வெள்ளைக் குறியிட்டு 'நீர்' என்று எழுதினர். இன்று ஏமனிலும் காஸாவிலும் சிறுவர்கள் வரிசையில் தூக்கி நிற்கும் நெகிழிக் கேன்கள் அதன் வழிவந்தவை. ஏமனில் 2017ஆம் ஆண்டின் இறுதிக்குள் காலரா என ஐயுற்றோர் 10 லட்சத்தை எட்டினர். நீரும் கலமும் கெட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்தின் வேதனையான சான்று அது.

இவ்வரலாறு நம் வீட்டுக்குச் சொல்வதை மூன்று கேள்விகளாகத் தொகுக்கலாம்.

முதல் கேள்வி: இக்கலம் நீருக்கு எதைத் தரும்? உணவுத் தர முத்திரையுள்ள, அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று பொறித்த உயரடர்த்தி பாலித்தீன் கலம் நீண்ட காலச் சேமிப்புக்கு ஏற்றது. 1 என்று பொறித்த குடிநீர்ப் புட்டிகளும் சிறு அளவுக்கு ஏற்றவை. துருப்பிடிக்காத எஃகும் கண்ணாடியும் நல்லவையே. எடையும் உடைதலுமே அவற்றின் குறை. பூச்சிமருந்தோ, வண்ணப்பூச்சோ, வேதிப்பொருளோ இருந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் நீருக்கு எடுக்கலாகாது. பால் வைத்திருந்த கலமும் வேண்டாம். அதன் கொழுப்பு மூலைகளில் தங்கி நுண்ணுயிர்களை வளர்க்கும்.

இரண்டாம் கேள்வி: இதன் வாய் எப்படி? கை புகாத அளவு குறுகியதாகவும், திருகி இறுக மூடத்தக்கதாகவும் இருக்க வேண்டும். பெரிய கலமானால் கீழே குழாய் வேண்டும். திறந்த வாளியும் அண்டாவும் நெருக்கடி நாளின் முதல் நிரப்புக்கு உதவலாம். மாதக்கணக்கான சேமிப்புக்கு உதவா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது மூடாத வீட்டு நீரில்தான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் ஒட்டிய அம்முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் மீண்டும் நீர் பட்டால் பொரியும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மூன்றாம் கேள்வி: இதை எப்போது மாற்றுவேன்? நாமே நிரப்பிய நீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். நிரப்பிய நாளைக் கலத்தின்மேல் எழுதி ஒட்டுங்கள். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவற்றின் அருகில் வைத்தால் அவற்றின் ஆவி நெகிழியை ஊடுருவி நீரைக் கெடுக்கும்.

அளவைப் பொறுத்தவரை, குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் எனக் கொள்ளலாம். ஐவர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். இரு வாரங்களுக்கு 280 லிட்டர். 20 லிட்டர்க் கலங்கள் மூன்று இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அனைத்தையும் ஒரே பெரிய பீப்பாயில் வைப்பதைவிடச் சிறு கலங்களில் பிரித்து வைப்பது மேல். ஒன்று கெட்டாலும் மற்றவை எஞ்சும். வெள்ளம் ஏறினால் மாடிக்குத் தூக்கவும் முடியும்.

உளூவுக்கும் கழுவுவதற்கும் தனிக் கலம் வையுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. பெரும்பான்மை அறிஞர்களின் கணக்கில் அது முக்கால் லிட்டருக்கு மேற்படாது. குழாயைத் திறந்துவிட்டுப் பழகிய நாம் ஒருமுறை அந்த அளவில் உளூச் செய்து பார்த்தால், நெருக்கடி நாளில் திணற மாட்டோம். இருக்கும் நீர் தாகத்துக்கே வேண்டியதாயின் தயம்மும் செய்யலாம் என்பது ஃபிக்ஹு நூல்களின் தெளிவான சட்டம். குழந்தையின் தாகத்தைத் தள்ளிவைத்து உளூச் செய்ய மார்க்கம் சொல்லவில்லை.

ஒரு கலத்தைக் கூடுதலாக வைக்க இடமிருந்தால் அதை அண்டை வீட்டாருக்கென்று எண்ணி வையுங்கள். சிறந்த தர்மம் எது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது கிடைத்த விடை தண்ணீர் என்பதே. ரூமா கிணற்றை வாங்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. 20 லிட்டர்க் கலம் ஒன்றை நிரப்பி மூடி வைக்கும் வசதி ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு.

இன்றிரவு கதவைத் தாழிடும்போது, வீட்டில் நீர் இருக்கும் கலங்களின் வாய் ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் அண்டை வீட்டாரையும் வெள்ளத்திலிருந்தும் வறட்சியிலிருந்தும் காத்தருள்வானாக.